கூண்டுக் கிளியும் நுரையீரல் காய்ச்சலும்

பளபளக்கும் சிறகுகளுடன் பழத்தைக் கொத்தித் தின்னும் கிளி நோயைத் தாங்கியிருக்கக்கூடும் என்று எவரும் எளிதில் நம்பமாட்டார். ‘சிட்டகோசிஸ்’ எனப்படும் கிளி நோயின் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. அதனை விளைவிக்கும் ‘கிளமிடியா சிட்டசி’ என்னும் பாக்டீரியா உடலில் இருக்கும்போதே பறவை நெடுங்காலம் நலமாகத் தோன்றலாம். நெரிசலாலும் நீண்ட பிரயாணத்தாலும் அது நலிவுறும்போது, எச்சத்திலும் மூக்குநீரிலும் கிருமி மிகுதியாக வெளிப்படுகிறது. எச்சம் உலர்ந்து தூளான பின்னரும் அது உடனே மடிவதில்லை. அத்தூளைச் சுவாசிப்பதாலேயே பெரும்பாலும் மனிதருக்கு நோய் பற்றுகிறது.

1879-ஆம் ஆண்டில் ஸ்விட்சர்லாந்தில் ஒரே வீட்டைச் சார்ந்த எழுவர் இவ்வாறு நோயுற்றனர், மூவர் மாண்டனர். கூண்டுப் பறவைகளின் மீது ஐயங்கொண்டவர் டாக்டர் ரிட்டர் என்பார். 1929-30-இல் தென் அமெரிக்கக் கிளிகளின் வாயிலாக இந்நோய் பல நாடுகளில் பரவிற்று. அப்போது வாஷிங்டன் நகரின் அரசாங்கச் சுகாதார ஆராய்ச்சிச் சாலையில் நோய்க் கிளிகளை ஆராய்ந்து வந்தனர். அங்கே பதினொருவருக்கு நோய் தொற்றியது. ஹென்றி ஆண்டர்சன் என்னும் உதவியாளர் உயிர் நீத்தார். நோயுற்றவர்களுள் கிளிகளிருந்த அறைப்பக்கமே செல்லாதவரும் இருந்தனர் என்பது கருதத்தக்கது.

இக்கிருமி பிற உயிரணுக்களுக்குள்ளேதான் பெருகும். ஆய்வுக்கூடங்களில் வழங்கும் சாதாரண ஊட்டப் பொருள்களில் வளராது. ஆதலால் பல்லாண்டுகள் இதனை வைரஸ் என்றே கருதினர். பாக்டீரியா என்பது 1960-களில் ஐயமற நிறுவப்பட்டது. இதனை வெறும் பெயர்ச் சண்டை என எண்ணலாகாது. டாக்சிசைக்ளின் இதனை அடக்கும், பென்சிலினையோ நம்ப இயலாது.

நோய் பொதுவாக ஐந்து முதல் பதினான்கு நாட்களில் தோன்றும். காய்ச்சல், கடுந்தலைவலி, தசைவலி, வறட்டு இருமல் ஆகியவை அதன் குறிகள். நுரையீரல் அழற்சியும் நேரலாம். டைபாய்டு என்றோ இன்புளுயன்ஸா என்றோ மயங்குவதற்கு இடமுண்டு. கிளியைப் பற்றி நோயாளி தாமாகக் கூறுவதில்லை, வைத்தியரும் கேட்பதில்லை. இருவருள் ஒருவர் வாய் திறந்தால் பொருத்தமான மருந்து காலத்தே கிட்டும்.

நம் நாட்டுக் கிளிகளைப் பிடித்து விற்பதையும் கூண்டில் வளர்ப்பதையும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. எனினும் கள்ள வாணிகம் ஓய்ந்தபாடில்லை. நெருக்கியடைத்த கூடைகளிலிருந்து பறிமுதல் செய்யப்படும் குஞ்சுகளைக் கையாளும் களப்பணியாளருக்கே அபாயம் மிகுதி. கூண்டை உலர்ந்த நிலையில் பெருக்கலாகாது. முதலில் கிருமிநாசினி கலந்த நீரால் நன்கு நனைத்துவிட வேண்டும். துணியால் வாயைக் கட்டிக்கொள்வது போதாது, என்-95 வகை முகமூடி தேவை. இறந்த பறவையைச் சோப்பு நீரில் நனைத்து, கசியாத பையிலிட்டுக் கால்நடை மருத்துவரிடம் சேர்ப்பிக்கவும். பள்ளியில் பறவைக் கூண்டு இருப்பின், அதனைத் துப்புரவு செய்யும் வேலையை மாணவரிடம் விடுதல் தகாது.

நோயுற்ற பறவைக்கு டாக்சிசைக்ளின் சிகிச்சை வழக்கமாக 45 நாட்கள் நீடிக்கும். அக்காலத்தில் சிப்பி ஓடு, சுண்ணாம்புக் கட்டி முதலியவற்றைக் கூண்டிலிருந்து அகற்றிவிடுவர். அவற்றிலுள்ள கால்சியம் மருந்துடன் பிணைந்து, அது உடலில் சேராதவாறு தடுத்துவிடும்.