சிகரெட் பெட்டிக்குள் வந்த பதக்கங்கள்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிகரெட்டுகள் மெல்லிய தாளுறையில் விற்கப்பட்டன. அவை நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டை வைக்கப்பட்டது. அந்த அட்டையில் படம் அச்சிட்டால், தொகுதியை முழுதாகச் சேர்க்க விரும்புகிறவர் அதே சிகரெட்டையே திரும்பத் திரும்ப வாங்குவார். அமெரிக்காவில் 1870களில் தோன்றிய இந்த உத்தியை பிரிட்டனில் பிரிஸ்டல் நகரின் வில்ஸ், நாட்டிங்காமின் பிளேயர்ஸ் போன்ற நிறுவனங்கள் பெரிதாக வளர்த்தன. அட்டைக்காகச் சிறுவர்கள் கடைவாசலில் நின்று புகைப்பவர்களிடம் கேட்டு வாங்கினார்கள். குழந்தைகளின் ஆசை புகையிலை வியாபாரத்துக்கு உதவியது வருத்தத்துக்குரியது.

பறவை, கப்பல், கிரிக்கெட் வீரர் என எத்தனையோ தொகுதிகள் வந்தன. பதக்கத் தொகுதிகளுக்கு மட்டும் நிறம் உயிர்நாடி. பதக்கத்தை இன்னதென்று சட்டெனக் காட்டுவது அதன் நாடாதான். படைவீரர்கள் அன்றாடச் சீருடையில் நாடாத் துண்டை மட்டுமே மார்பில் அணிவார்கள். செய்தித்தாள் கறுப்பு வெள்ளையாக இருந்த காலத்தில், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய இந்த வண்ண அட்டை, அந்த நாடாக்களை எளிய மக்களுக்கு அடையாளம் காட்டியது. பின்புறத்தில் பதக்கத்தின் வரலாறு சில வரிகளில் இருக்கும்.

வில்ஸ் 1906இல் 50 பதக்க அட்டைகளையும், பிளேயர்ஸ் 1927இல் 90 அட்டைகளையும் வெளியிட்டன. இரண்டுக்கும் இடையில் முதல் உலகப்போர் நிற்கிறது. வீரப் பதக்கங்களான மிலிட்டரி கிராஸ் 1914இலும் மிலிட்டரி மெடல் 1916இலும் பிறந்தவை; முதல் தொகுதியில் அவை இருக்க முடியாது. பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸின் நாடாவே மாறிவிட்டது: 1918 வரை கடற்படையினருக்கு நீல நாடா, பிறகு எல்லோருக்கும் கருஞ்சிவப்பு. 1911 முதல் இந்தியப் படைவீரர்களும் அந்த விருதைப் பெறத் தகுதியானார்கள். 1914இல் அவர்களில் ஒருவரான குதாதாத் கானின் வீரச்செயலுக்கு அது கிடைத்தது. போர் நடக்கும்போதே காலகர் சிகரெட் நிறுவனம் அந்த விருதைப் பெற்றவர்களின் முகங்களை 200 அட்டைகளில் அச்சிட்டது.

1927ஆம் ஆண்டுத் தொகுதி வந்தபோது பதக்கம் தொலைவான பொருளாக இல்லை. பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் மட்டும் சுமார் 65 லட்சம் பேருக்கு வழங்கப்பட்டிருந்தது. அந்தப் போருக்கான நட்சத்திரப் பதக்கம், போர்ப் பதக்கம், வெற்றிப் பதக்கம் மூன்றையும் சேர்த்துப் படைவீரர்கள் 'பிப், ஸ்குவீக், வில்ஃப்ரெட்' என்று ஒரு சித்திரக்கதையின் பாத்திரப் பெயர்களால் செல்லமாக அழைத்தார்கள். பெட்டியில் கிடைத்த படத்தை, வீட்டு அலமாரியில் இருந்த அப்பாவின் பதக்கத்தோடு ஒரு பையனால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

இரண்டாம் உலகப்போரின் காகிதத் தட்டுப்பாட்டால் 1940இல் பிரிட்டனில் அட்டைகள் நின்றன. எட்வர்ட் வார்ட்டன்-டைகர் சேர்த்த, சுமார் 20 லட்சம் அட்டைகள் கொண்ட தொகுப்பு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.