வளைவரையைப் புள்ளியாக்கிய வழக்கறிஞர்

லண்டன் லிங்கன்ஸ் இன்னில் 1849 முதல் 1863 வரை சொத்துப் பத்திரங்கள் எழுதும் வழக்கறிஞராகத் தொழில் நடத்திய ஆர்தர் கெய்லி, அந்த 14 ஆண்டுகளில் 200-க்கும் மேற்பட்ட கணிதக் கட்டுரைகளை வெளியிட்டார். அவற்றுள் 1860-இல் வந்த ஒன்று, வெளியில் வளைந்து செல்லும் வளைவரைகளைக் குறிக்கப் புதிய முறை ஒன்றை முன்வைத்து, இயற்கணித வடிவியலில் ‘அளவுரு வெளி’ எனப்படும் கருத்துக்கு வழி திறந்தது. ஒரே வகையைச் சேர்ந்த வடிவங்கள் அனைத்தையும் திரட்டி, ஒவ்வொரு வடிவத்தையும் ஒரு புள்ளியாகக் கொண்டு அமைக்கப்படும் வெளியே அளவுரு வெளியாகும். தளத்தில் ஒரு வட்டத்தைக் குறிக்க மையத்தின் இரு ஆயங்களும் ஆரமும் போதும் என்பதால், தளத்து வட்டங்கள் எல்லாம் சேர்ந்து முப்பரிமாண வெளியாகின்றன.

தளத்து வளைவரைக்கு ஒரே சமன்பாடு உண்டு. அதன் கெழுக்களே அளவுருக்கள். முப்பரிமாண வெளியிலோ ஒரு சமன்பாடு பரப்பையே தரும். வளைவரை வேண்டுமெனில் பரப்புகள் வெட்டிக்கொள்ள வேண்டும். ஓர் எண், அதன் வர்க்கம், அதன் கனம் ஆகிய மூன்றையும் ஆயங்களாகக் கொண்ட புள்ளிகளின் பாதை ‘திருகு முப்படி வளைவரை’ எனப்படும். ஒரு தளம் வளைவரையை வெட்டும் புள்ளிகளின் எண்ணிக்கை, கலப்பெண் புள்ளிகளையும் முடிவிலியில் உள்ளவற்றையும் சேர்த்து, அதன் ‘படி’ எனப்படுவதால் இதன் படி 3. இதனைத் தாங்கும் இரண்டு இருபடிப் பரப்புகள் வெட்டுவதோ படி 4 உடைய வளைவரை. ஆகவே வேண்டாத நேர்க்கோடு ஒன்றும் உடன் வந்துவிடுகிறது.

கெய்லி வளைவரையின் புள்ளிகளை விட்டுவிட்டு, அதைச் சந்திக்கும் நேர்க்கோடுகளைப் பற்றிக்கொண்டார். வெளியின் எந்தப் புள்ளியையும் உச்சியாகக் கொண்டு வளைவரை வழியே ஒரு கூம்பை அமைக்கலாம். உச்சி எங்கிருந்தாலும் பொருந்தும்படி அக்கூம்பின் சமன்பாட்டை எழுதினால், நேர்க்கோட்டைக் குறிக்கும் ஆறு ஆயங்களால் ஆன ஒரே சமன்பாடு கிடைக்கிறது. அதன் படி வளைவரையின் படிக்குச் சமம். இன்று கணிதவியலாளர் பிளூக்கரின் பெயரால் வழங்கும் இந்த ஆயங்களை, அவர் 1865-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் விரித்துரைப்பதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே கெய்லி கையாண்டிருக்கிறார். அச்சமன்பாட்டின் கெழுக்கள் வளைவரையை முழுமையாக மீட்டுத் தருவதால், வளைவரை உண்மையிலேயே ஒரு புள்ளியாகிவிடுகிறது. 1937-இல் கணிதவியலாளர்கள் சௌவும் வான் டெர் வார்டனும் இதனை எல்லாப் பரிமாணங்களுக்கும் விரிவாக்கியதால் இச்சமன்பாட்டுக்குச் சௌவின் பெயரே மிகுதியாக வழங்குகிறது. கெய்லியின் பெயரையும் உடன் சொல்வதே முறை.

தாழ்ந்த படிகளில் இவ்வெளிகளை எண்ணிப் பார்க்கவும் முடிகிறது. வெளியிலுள்ள நேர்க்கோடுகள் 4 பரிமாணம் கொண்டவை. கூம்பு வெட்டுகளுக்குத் தளத்தைத் தேர 3, தளத்துக்குள் வளைவரையைத் தேர 5 என 8. திருகு முப்படி வளைவரைகள் நான்கு முப்படிக் கோவைகளால் அமைவதால் 16 கெழுக்கள் உண்டு. அவற்றில் பொதுக் காரணிக்கு ஒன்றும், அதே பாதையை வேறு விதமாக நடந்து வருவதற்கு மூன்றும் கழிய, 12. ஒரு தளத்துக்குள் அடங்கும் முப்படி வளைவரைகளுக்கும் 3, 9 என அதே 12. படி 4-இல் இந்தச் சமநிலை குலைந்து, தளத்துக்குள் அடங்கும் வளைவரைகள் 17 பரிமாணத்துடன் முந்திவிடுகின்றன.

ஆனால் கெய்லியின் சமன்பாடு ஒன்றை மறந்துவிடுகிறது. திருகு முப்படி வளைவரை மெல்லத் தட்டையாகி ஒரு தளத்துக்குள் விழும்போது, தன்னைத் தானே வெட்டும் முடிச்சு ஒன்றுடன் கூடிய வளைவரையாகலாம். அப்போது அந்த முடிச்சில், தளத்தை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு, ஒரு புள்ளியின் எச்சம் தங்கிவிடுகிறது. கணிதவியலாளர் குரோத்தெண்டிக் 1960-களின் தொடக்கத்தில் அமைத்த ‘ஹில்பெர்ட் ஸ்கீம்’ என்னும் அளவுரு வெளி இவ்வெச்சத்தையும் பதிவு செய்கிறது. ஆனால் அதற்கு ஈடாக, தள முப்படி வளைவரையோடு எங்கோ தனியே அலையும் புள்ளி ஒன்றையும் அது ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. 12 உடன் அலையும் புள்ளியின் 3 சேர, திருகு முப்படி வளைவரைகளின் 12 பரிமாணப் பகுதியோடு 15 பரிமாணமுள்ள இரண்டாம் பகுதியும் உருவாகிறது. இவ்விரு பகுதிகளும் வழவழப்பானவை என்பதையும், முடிச்சு வளைவரைகளின் 11 பரிமாண வெளியில் அவை ஒன்றையொன்று செம்மையாகக் குறுக்கிடுகின்றன என்பதையும் ராக்னி பீனெயும் மைக்கேல் ஷ்லெசிங்கரும் 1985-இல் நிறுவினர். இத்தனை எளிய வளைவரைக்கு இவ்வளவு நுட்பமான விடை கிடைப்பது வியப்புக்குரியது.

வளைவரைகளை எண்ண விரும்புவோருக்கு அலையும் புள்ளிகள் பெருந்தொல்லையாகவே இருந்தன. ராகுல் பண்டரிபாண்டேயும் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ரிச்சர்ட் தாமஸும் 2009-இல் வெளியிட்ட ‘நிலைத்த இணைகள்’ என்னும் அமைப்பில், புள்ளி வளைவரையின் மேலேயே இருந்தாக வேண்டும். ஆகவே அங்கு இரண்டாம் பகுதியின் பரிமாணம் 15 அன்று, 13.