198-க்கும் 121-க்கும் என்ன வித்தியாசம்? செல்போன் பில் தகராறு பற்றிச் சில குறிப்புகள்

செல்போன் பில்லில் சம்பந்தமில்லாத தொகை ஏறிவிட்டால் நாம் எல்லோரும் செய்வது ஒன்றுதான். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுச் சத்தம் போடுவோம். அந்தப் பக்கம் இருப்பவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பார்க்கிறோம் சார், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்பார். ரெண்டு நாள் கழித்துக் கூப்பிட்டால் வேறொருவர் எடுப்பார். அவரிடம் மறுபடி முதலிலிருந்து ராமாயணம் பாட வேண்டும். மூன்றாவது தடவை, "முந்நூறு ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா?" என்று விட்டுவிடுவோம். அப்படி விட்ட முந்நூறு ரூபாய் கம்பெனி கணக்கிலேயே தங்கிவிடும்.

இதில் போனை எடுத்தவரைத் திட்டிப் பயனில்லை. நாம் மூன்று முறை பேசியிருந்தாலும், புகார் என்று எதுவும் பதிவாகாமலே இருந்திருக்கலாம். பிரச்சினை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், 2012-ல் புகார்த் தீர்வுக்கென்று தனி விதிமுறை கொண்டுவந்தது. அதன்படி ஒவ்வொரு கம்பெனியும் புகார் மையம் வைத்திருக்க வேண்டும். நடைமுறையில் இதற்கு ரெண்டு எண்கள் உண்டு. 121 என்பது பொதுத் தகவலுக்கு: பேலன்ஸ், புது பேக், ரீசார்ஜ் விவரம் இதெல்லாம். புகாருக்கான எண் 198. அதற்குக் கட்டணம் கிடையாது. பலர் 121-ல் பேசிவிட்டுப் புகார் கொடுத்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

புகார் பதிவானால் அதற்கு ஒரு டாக்கெட் நம்பர் தர வேண்டும். எஸ்எம்எஸ்ஸிலும் அனுப்ப வேண்டும். இந்த எண்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். இது கைக்கு வந்த தேதியிலிருந்துதான் கம்பெனிக்குக் கெடு ஓடத் தொடங்கும். பில் சம்பந்தமான புகார்களை அதிகபட்சம் 6 வாரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது ட்ராயின் சேவைத்தர விதி. நம் பக்கம் நியாயம் என்று முடிவானால், ஒரு வாரத்துக்குள் அந்தப் பணம் கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டும். எண் இல்லையென்றால் இந்தக் கெடுக்களில் எதையும் நாம் சுட்டிக்காட்ட முடியாது.

புகார் சொல்லும்போது "பில் ஜாஸ்தியா வருது" என்றால் போதாது. எந்தத் தேதி, எந்த வரி, எவ்வளவு என்று சொல்ல வேண்டும். ப்ரீபெய்டு வைத்திருப்பவர்களுக்குப் பில்லே வராதே என்று கேட்கலாம். அவர்களும் கடந்த 6 மாதம் வரைக்குமான செலவு விவரத்தைக் கேட்டு வாங்கலாம். அதற்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. கேட்காமலே காலர் ட்யூன், ஜோசியம், கிரிக்கெட் ஸ்கோர் என்று ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்த 155223 என்ற எண் இருக்கிறது. நிறுத்தின பிறகு, பிடித்த காசுக்குத் தனியாக 198-ல் புகார் கொடுங்கள்.

பதில் திருப்தி இல்லையா, அல்லது கெடு முடிந்தும் பதிலே இல்லையா? 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் இல்லை. 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அவருக்கு ஆலோசனை சொல்ல இருவர் குழு உண்டு: ஒருவர் நுகர்வோர் அமைப்பிலிருந்து, இன்னொருவர் கம்பெனியிலிருந்து. ஆனாலும் கடைசி முடிவு கம்பெனி ஆளுடையதுதான். அதனால் வெளியே ஒரு கதவு அவசியம்.

அந்தக் கதவு ட்ராய் இல்லை. தனிநபர் புகாரை ட்ராய் விசாரிப்பதில்லை. எழுதினால் கம்பெனிக்கே அனுப்பிவைக்கும். நுகர்வோர் நீதிமன்றம்தான் அந்தக் கதவு. அதுவும் பல வருஷம் பாதி மூடிக் கிடந்தது.

கோழிக்கோட்டில் பில் கட்டவில்லை என்று ஒருவரின் தொலைபேசி இணைப்பைத் துண்டித்தார்கள். மாவட்ட நுகர்வோர் மன்றம் இணைப்பைத் திருப்பிக் கொடுத்து 5,000 ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1885-ஆம் வருஷத் தந்திச் சட்டத்தின் 7பி பிரிவு இப்படிப்பட்ட தகராறுகளுக்கு நடுவர் தீர்ப்பைத்தான் சொல்கிறது, எனவே நுகர்வோர் மன்றம் விசாரிக்க முடியாது என்று 2009-ல் தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகு, பில் தகராறோடு யார் போனாலும் கம்பெனி வக்கீல் அந்தத் தீர்ப்பைத்தான் நீட்டினார்.

இதை மாற்றியது அகமதாபாத் வழக்கு ஒன்று. மாதம் சராசரியாக 555 ரூபாய் பில் வந்துகொண்டிருந்தது, 2013 நவம்பர் 8 முதல் ஒரு மாதத்துக்கு 24,609 ரூபாய் போட்டுவிட்டார்கள் என்பது வாடிக்கையாளரின் புகார். 2014 மே மாதம் அவர் மாவட்ட மன்றத்துக்குப் போனார். இங்கே விசாரிக்கவே கூடாது என்று கம்பெனி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நுகர்வோர் சட்டம் தருவது கூடுதல் நிவாரணம், அதை 7பி தடுக்காது என்று 2022 பிப்ரவரி 16 அன்று தீர்ப்பு வந்தது. 2009 தீர்ப்பு செல்லாமல் போனது. பில் சரியா தப்பா என்பதல்ல, அதை யார் விசாரிக்கலாம் என்பதை முடிவுசெய்யவே கிட்டத்தட்ட எட்டு வருஷம்!

இப்போது நிலைமை தெளிவு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவைகளின் பட்டியலில் தொலைத்தொடர்பையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் கவலையில்லை. செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். பல விஷயங்கள் அங்கேயே சமரசமாக முடிந்துவிடும்.

முந்நூறு ரூபாய்க்கு எத்தனை பேர் நீதிமன்றம் போவார்கள் என்று கேட்பது நியாயம்தான். பெரும்பாலும் போக வேண்டி இருக்காது. ஆனால் 198, மேல்முறையீடு, 1915, மாவட்ட ஆணையம் என்று எந்தப் படியில் ஏறினாலும் முதலில் கேட்கப்படுவது அந்த டாக்கெட் நம்பரைத்தான். பில்லின் நகல், தேதி, பேசியவர் பெயர், எஸ்எம்எஸ்ஸின் ஸ்க்ரீன்ஷாட் இவற்றை ஒரே இடத்தில் போட்டு வையுங்கள். ஆட்டோ-பே வைத்திருந்தால், பணம் போகும் தேதிக்கு முன்னால் ஒருமுறை பில்லைத் திறந்து பாருங்கள்.