தவறி வந்த பணம்

வெள்ளாற்றங்கரையிலுள்ள லெப்பைக்குடிக்காடு முதலாக, பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து ஊர்கள் பலவற்றிலிருந்தும் நம் சகோதரர்கள் வளைகுடா நாடுகளுக்குச் சென்று பொருளீட்டி வருகின்றனர். 2020ஆம் ஆண்டு கொரோனா நோயினால் விமானப் போக்குவரத்து நின்றபோது, முன்கூட்டியே வாங்கிய பயணச் சீட்டுகள் பயனற்றுப் போயின. அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பினால், அப்பணத்தைத் திரும்பப் பெற வழி பிறந்தது.

அவ்வாறு பெற்ற சகோதரர் ஒருவர், ஜும்ஆத் தொழுகைக்குப் பின் தயங்கியவாறே ஒரு மஸ்அலா கேட்டார்: "ஹஜ்ரத், சீட்டுப் பணம் முழுவதும் வந்து சேர்ந்தது. சில வாரங்கள் கழித்து அதே தொகை மீண்டும் ஒருமுறை வந்தது. நிறுவனத்தார் இன்றுவரை கேட்கவில்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு அதைச் செலவிட்டுவிட்டேன். அத்தொகையைப் பள்ளிவாசல் உண்டியலில் போட்டுவிட்டால் போதுமா?"

அவருடைய உள்ளத்தில் உறுத்தல் இருந்ததே ஈமானின் அடையாளம். ஆயினும் "போதாது" என்றே நான் சொல்ல நேர்ந்தது.

கொடுத்தவரின் பிழை, பெற்றவருக்கு உரிமை ஆகிவிடாது. கடன் இருப்பதாக எண்ணி ஒருவர் கொடுத்த பின், அவ்வெண்ணம் பிழையென வெளிப்பட்டால், பொருள் அவருக்கே உரியது என்பது ஃபிக்ஹுச் சட்டம். நம் நாட்டில் நடப்பிலுள்ள 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் தன் 72ஆம் பிரிவில், தவறுதலாகச் செலுத்தப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தந்தாக வேண்டுமென்றே விதிக்கின்றது. ஆனால், வழக்குத் தொடுக்க உலகச் சட்டத்தில் கால வரம்பு உண்டு. மறுமை மன்றத்தில் அவ்வரம்பு இல்லை. இறைவழியில் உயிர் துறந்த ஷஹீதுக்கும் கடன் மட்டும் மன்னிக்கப்படாது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

"நிறுவனமோ பெரிது, உரிமையாளரோ நமக்கு அன்னியர்" என்று மனம் சாக்குச் சொல்லலாம். ஹிஜ்ரத்தின் இரவை நினைத்துப் பாருங்கள். மக்கத்துக் குறைஷியர் நபிகளாரின் உயிரைப் பறிக்கவே சூழ்ச்சி செய்திருந்தனர். அந்நிலையிலும், மக்காவாசிகள் தம்மிடம் ஒப்படைத்திருந்த அமானிதங்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்கும் பொருட்டு, ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களை அங்கேயே விட்டுச் சென்றார்கள். பகைவரின் பொருளையே மீட்டளித்தவரின் உம்மத்தாகிய நாம், நமக்குப் பயணச் சீட்டு விற்றவரின் பொருளை வைத்துக்கொள்ளலாமா?

உண்டியல் ஏன் போதாது? உரியவர் இன்னாரெனத் தெரியாமல், தேடியும் கிட்டாதபோதுதான், அவருக்காக அப்பொருளைத் தர்மம் செய்வது வழி. இங்கோ உரியவர் தெரிந்தவர். பிறர் பொருளைக் கொண்டு நாம் தருமம் செய்து நன்மை தேட இயலாது. அல்லாஹ் தூயவன், தூயதையே ஏற்பவன்.

ஆகவே, வங்கிக் கணக்கின் விவரத்தைச் சான்றாக இணைத்து, இருமுறை பணம் வந்ததை அந்நிறுவனத்திற்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். செலவழிந்த தொகை இப்போது கடன். ஒரே தவணையில் இயலாவிடில் அவகாசம் கேட்கலாம். நெருக்கடியிலுள்ள கடனாளிக்குத் தவணை கொடுக்குமாறு அருள்மறையே பணிக்கின்றது. அதிகாரமுள்ளோர் விவரமறிந்து மனமுவந்து விட்டுக்கொடுத்தால், அதுவே ஹலால். கேட்காதிருப்பது விட்டுக்கொடுத்தது ஆகாது. தீரும் முன் மரணம் வந்துவிட்டால் வாரிசுகள் செலுத்தும் வண்ணம், இக்கடனை வீட்டாரிடமும் சொல்லி வைத்தல் நலம்.

சகோதரர் சற்று நேரம் மௌனமாயிருந்தார். பின், "மாதந்தோறும் சிறுகச் சிறுகக் கட்டிவிடுகிறேன், ஹஜ்ரத்" என்றார். அம்மகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!

பிறர் உரிமை எதனையும் சுமக்காதவர்களாய் நம் அனைவரையும் தன் சந்நிதிக்கு அழைத்துக்கொள்வானாக! ஆமீன்.