அயலார் உப்பு

பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து போனவன், எத்தனை காத தூரத்திலிருந்தாலும், வேண்டும்போது ஊர் திரும்பலாம் என்னும் தைரியத்தில் நிம்மதியாகக் கண்ணயர்கிறான். தேசப் பிரஷ்டம் செய்யப்பட்டவனுக்கோ, கூப்பிடு தூரத்தில் ஊர் இருந்தாலும், அதன் வாசல் அடைத்தே கிடக்கிறது.

இந்தத் துயரத்தை முழுதும் அனுபவித்த மகாகவி இத்தாலியின் தாந்தே. பிளாரன்ஸ் நகரின் ஆட்சிப் பொறுப்பில் ஒருகாலத்தில் அமர்ந்திருந்த அவர், கட்சிப் பூசலில் எதிரிகளின் கை ஓங்கியபோது, பொதுப்பணத்தில் முறைகேடு செய்தார் என்ற பழியின் பேரில், 1302 ஜனவரியில் அபராதத்துக்கும் பிரஷ்டத்துக்கும் ஆளானார். அபராதம் கட்டாமையால், அகப்பட்டால் உயிரோடு எரிப்பது என்ற தீர்ப்பும் மார்ச் மாதத்தில் பிறந்தது. 1321இல் ராவென்னாவில் கண்மூடும்வரை அவர் பிறந்த மண்ணை மிதிக்கவில்லை.

பிளாரன்ஸ் பிரதேசத்தின் ரொட்டி இன்றைக்கும் உப்பில்லாமல் சுடப்படுவது. அந்த ருசியில் வளர்ந்த நாவுக்கு வெளியூர் ரொட்டி கரிக்கும். தாந்தே தம் காவியத்தில், சுவர்க்கத்திலுள்ள முன்னோர் ஒருவர் வாயிலாகத் தம் பிரஷ்டத்தை முன்னறிவிக்கச் செய்யும் இடத்தில், அயலார் ரொட்டியின் உப்பையும், பிறர் வீட்டுப் படியேறி இறங்கும் வருத்தத்தையுமே சொல்ல வைக்கிறார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்வது நம் வழக்கு. அவரும் அடைக்கலம் தந்த வெரோனாவின் பிரபுக்களைக் காவியத்திலேயே போற்றியவர். ஆனால் நெஞ்சு நன்றியால் நிறைந்திருக்கும்போதே, ஒவ்வொரு கவளமும் 'இது உன் வீடன்று' என்று நாவுக்கு நினைவூட்டுமாயின், அதனினும் நுட்பமான தண்டனை வேறென்ன இருக்கிறது?

குற்றவாளியாகத் தலைகுனிந்து, சிறு தொகை செலுத்திப் பிராயச்சித்தம் செய்தால் திரும்பலாம் என்று 1315இல் வழி பிறந்தபோது, நிரபராதியான தமக்கு அது தகாதென்று அவர் மறுத்துவிட்டார். ஊரை உயிரினும் மேலாக நேசித்தவரே, மானத்தை விற்று அந்த ஊரை வாங்கச் சம்மதிக்கவில்லை.

பிற்காலத்தில் பிளாரன்ஸ் அவருடைய எலும்புகளையேனும் தரும்படி வேண்டிற்று, ராவென்னா தரவில்லை. பிளாரன்ஸின் சாந்தா குரோச்சே தேவாலயத்தில் அவருக்கென எழுப்பிய சமாதி வெறுமையாகவே நிற்கிறது. ஆனாலும் ஆண்டுதோறும், அவர் மறைந்த செப்டம்பர் மாதத்தில், பிளாரன்ஸ் நகரத்தார் தங்கள் மண்ணில் விளைந்த ஆலிவ் எண்ணெயைச் சுமந்து சென்று, ராவென்னாவில் அவர் கல்லறையில் எரியும் விளக்குக்கு வார்க்கிறார்கள். ஒரு மகனுக்கு வாசலை அடைத்த ஊர், அவனைத் தேடி அயலூர்ப் படியேறுகிறது.