பங்கு சரிந்தால் மனை நிற்குமா?

"பங்கு மார்க்கெட் விழும், மண் விழாது" என்று நம் கடைவீதிகளில் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. மறு பாதியை 2008-ஆம் ஆண்டில் பலர் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

அந்த ஜனவரியில் 21,000 புள்ளிகளைத் தொட்ட சென்செக்ஸ், தீபாவளி சமயம் 8,500 அளவுக்கு இறங்கிவிட்டது. பங்கு வைத்திருந்தவர் நஷ்டத்தை அன்றன்றே பத்திரிகையில் பார்த்தார். மனை வைத்திருந்தவரோ, "நம் இடம் விலை இறங்கவில்லை" என்று தெம்பாக இருந்தார். விலை கேட்டு ஆள் வந்தால்தானே இறங்குவதற்கு! மண்டி பாக்கியைத் தீர்க்க அவசரமாக விற்கப் போனவருக்குத்தான் நிலவரம் புரிந்தது. பங்கு என்றால் பாதி விலைக்காவது அன்றே கைமாறும். மனைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

நிலம் சில சமயம் தாமதித்தும் விழும். ஜப்பானில் நிக்கி குறியீட்டு எண் 1989 டிசம்பர் இறுதியில் 38,915-ஐத் தொட்டு, அடுத்த ஆண்டே சரிந்தது. நில விலை அதற்குப் பிறகும் 1991 வரை ஏறியது. பங்கை விட்டு நிலத்துக்கு வந்தவர்கள் அப்போது கெட்டிக்காரர்களாகத் தெரிந்திருப்பார்கள். பின்பு இறங்கத் தொடங்கிய நில விலை பத்தாண்டுகளுக்கு மேல் இறங்கிக்கொண்டே போனது.

அமெரிக்காவில் நேர்மாறான கதையும் உண்டு. 2000-இல் கம்ப்யூட்டர் கம்பெனிப் பங்குகள் நொறுங்கியபோது வீட்டு விலை அசையவில்லை, ஏறவே செய்தது. மத்திய வங்கி 6.5 சதமாக இருந்த வட்டியை 2003-க்குள் 1 சதமாகக் குறைத்ததால் வீட்டுக் கடன் மலிவாகக் கிடைத்தது. 2008-இலோ சரிவே அந்த வீட்டுக் கடன்களிலிருந்துதான் கிளம்பியது. அதனால் பங்கும் வீடும் சேர்ந்தே விழுந்தன. ஆகவே பங்கு சரியும் வேளையில் மனை வாங்க நினைப்பவர், பாங்கு கடன் தாராளமாகக் கிடைக்கிறதா, வட்டி எந்தப் பக்கம் போகிறது என்று விசாரிப்பதே முதல் வேலை.

கையில் மிஞ்சிய லாபத்தில் வாங்குகிற மனை வேறு. சரக்குக் கொள்முதல் பணத்தைப் போட்டு வாங்குகிற மனை வேறு. முன்னது பத்து வருஷம் சும்மா கிடக்கலாம். பின்னது அடுத்த சீசனுக்குள் பணமாகியே தீரவேண்டும். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதம், பதிவுக் கட்டணம் 2 சதம் என்று கணக்கிட்டால் 20 லட்ச ரூபாய் மனைக்கு 1,80,000 ரூபாய் செலவு. தரகு தனி. வாங்கிய விலைக்கே விற்றாலும் அவ்வளவும் கைநஷ்டம்தான்.