ஓடும் சக்கரத்தில் நிற்கும் புள்ளி

மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும் காரின் டயரில், தரையைத் தொட்டிருக்கும் இடம் நகர்வதே இல்லை. வழுக்காமல் உருளும் எந்தச் சக்கரத்துக்கும் இதுதான் விதி. தரையில் பட்ட ரப்பர் அந்தக் கணத்தில் சாலையோடு சாலையாக நிற்கிறது. அச்சு 100-இல் போகிறது. டயரின் உச்சியோ 200-இல் முன்னால் பாய்கிறது. டயரின் ஒவ்வொரு துண்டு ரப்பரும் நொடிக்குப் பதின்மூன்று முறை பூஜ்யத்திலிருந்து 200-க்குப் போய் மறுபடி பூஜ்யத்துக்கு வருகிறது.

இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. காரின் உடம்பில் உள்ள ஒரு கிலோவோடு ஒப்பிட்டால், டயரின் உச்சியில் உள்ள கிலோவுக்கு நான்கு மடங்கு ஆற்றல், அடியில் ஒன்றுமில்லை. முழுச் சுற்றுக்கும் சராசரி பார்த்தால் இரண்டு மடங்கு. அதனால்தான் டயரின் வெளிவிளிம்பில் இருக்கும் ஒரு கிலோ, காரை வேகமெடுக்க வைக்கும்போது இரண்டு கிலோவாகக் கனக்கிறது. அச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் கிலோவுக்கு அந்தச் சுமை ஏறக்குறைய இல்லை. சக்கரத்தில் குறைக்கும் ஒரு கிலோ காரின் உடம்பில் குறைக்கும் பத்துக் கிலோவுக்குச் சமம் என்று கார் ஆர்வலர்கள் பேசிக்கொள்வதுண்டு. முடுக்கத்தைப் பொறுத்தவரை இயற்பியல் அவ்வளவு தாராளமாக இல்லை. இரண்டுதான் உச்சவரம்பு.

டெஸ்லா மாடல் 3 பெர்ஃபாமன்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். எடை ஏறத்தாழ 1,850 கிலோ. சக்கரத்துக்கு நான்கு கிலோ வீதம் மொத்தம் 16 கிலோ குறைத்துவிட்டோம், அதுவும் முழுக்க வெளிவிளிம்பிலேயே குறைத்துவிட்டோம் என்று வைத்துக்கொண்டாலும், 32 கிலோ குறைந்த பலன்தான் கிடைக்கும். அதாவது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட மூன்றரை நொடி எடுத்துக்கொள்ளும் காரில் இது ஒரு நொடியின் நூறில் ஆறு பங்கு. பணத்தைக் கொட்டி எடை குறைந்த சக்கரம் வாங்குபவர் இந்த எண்ணை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

மின்சாரக் காரில் இன்னொன்றும் உண்டு. பெட்ரோல் காரில் பிரேக் பிடித்தால் சக்கரத்தைச் சுழற்றச் செலவழித்த ஆற்றல் வெப்பமாகப் போய்விடும். மின்சாரக் காரில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி அதில் பெரும்பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே சக்கரத்தின் எடையால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறைவது, பெட்ரோல் காரில் மைலேஜ் குறைவதைவிடச் சிறியது.

அப்படியானால் எடை குறைந்த சக்கரத்தால் பயனே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது மேலும் கீழுமான அசைவில் இருக்கிறது. காரின் உடம்பு ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சக்கரமும் பிரேக்கும் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகின்றன. உடம்பு நொடிக்கு ஒன்றிரண்டு முறை மெதுவாக ஆடும், சக்கரமோ நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை துள்ளும். சக்கரம் கனமாக இருந்தால், ஒரு மேட்டில் ஏறித் துள்ளியதும் அதை மறுபடி தரைக்கு அழுத்திக் கொண்டுவர ஸ்பிரிங்குக்கு நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்தில் டயர் சாலையை இறுகப் பற்றுவதில்லை. எடை குறைந்த சக்கரம் மேடுபள்ளத்தை விடாமல் தொடர்கிறது. கரடுமுரடான வளைவில் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்பது போலத் தோன்றும் அந்தச் சுகம் உண்மையானது. அதற்காகச் செலவு செய்பவரோடு எனக்குச் சண்டையில்லை.

ஆனால் தூரத்துக்காகச் சக்கரம் மாற்றுகிறேன் என்பவர் முதலில் ஹூண்டாய் ஐயோனிக் 6 காரைப் பார்க்க வேண்டும். 2023-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அளவீட்டில், பெரிய பேட்டரியும் பின்சக்கர மோட்டாரும் கொண்ட மாடல் 18 அங்குலச் சக்கரத்தில் 361 மைல் ஓடியது. அதே பேட்டரி, அதே மோட்டாரோடு 20 அங்குலச் சக்கரம் மாட்டிய விலை கூடிய மாடல்களுக்குக் கிடைத்தது 305 மைல். ஏறத்தாழ 90 கிலோமீட்டர் காணாமல் போனது. விலை கூடிய மாடல்களில் கூடுதல் வசதிகளும் கொஞ்சம் எடையும் உண்டுதான். அவற்றால் மட்டும் இவ்வளவு தூரம் குறைய முடியாது. இரண்டு சந்தேக நபர்கள் மிஞ்சுகிறார்கள்: காற்று, ரப்பர்.

காற்றின் பங்கைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 200-இல் பாயும் அந்த டயரின் உச்சி காற்றைக் கிழிக்கிறது, ரிம்மின் கம்பிகள் அதைக் கலக்கிவிடுகின்றன. காரின் மொத்தக் காற்றுத் தடையில் சுமார் கால் பங்கு சக்கரங்களும் அவை சுழலும் குழிகளும் உண்டாக்குவது. அகலமான டயர், திறந்த ரிம் இரண்டும் அதைக் கூட்டும். டெஸ்லா தன் 18 அங்குலச் சக்கரத்தின் மேல் மாட்டித்தரும் தட்டையான பிளாஸ்டிக் மூடி அழகுக்காக வந்ததல்ல. பலர் அதைக் கழற்றி வைத்துவிடுவது வருத்தம் தருகிறது.

ரப்பரின் கதை இதைவிட ஆழமானது. டயர் தரையைத் தொடும் இடத்தில் தட்டையாகிறது, விலகியதும் மறுபடி வளைகிறது. அமுக்கும்போது ரப்பர் வாங்கிக்கொள்ளும் ஆற்றலை விடும்போது முழுதாகத் திருப்பித் தருவதில்லை. கொஞ்சம் வெப்பமாகப் போய்விடுகிறது. இதுதான் உருளல் எதிர்ப்பு. காரின் எடையில் எத்தனை பங்கு விசை இப்படிப் போகிறது என்பதை ஒரு கெழுவால் குறிக்கிறார்கள். சிக்கனமான டயருக்கு அது 0.008 என்றும், பந்தயக் குணமுள்ள மென்மையான டயருக்கு 0.011 என்றும் கொள்வோம். 1,850 கிலோ கார் 100 கிலோமீட்டர் ஓட முதல் டயருக்கு 4 யூனிட் மின்சாரம் போகிறது, இரண்டாவதற்கு ஐந்தரை. நூறு கிலோமீட்டருக்கு மொத்தமே 16 யூனிட் குடிக்கும் காரில் இந்த ஒன்றரை யூனிட் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. முன்னே குறைத்தோமே அந்த 16 கிலோ, அது உருளல் எதிர்ப்பில் மிச்சப்படுத்துவது 0.05 யூனிட்கூட இல்லை.

சரி, ஆற்றலைக் கொஞ்சமும் விழுங்காத ரப்பரால் டயர் செய்துவிடலாமே? அங்கேதான் சிக்கல். ஈரச் சாலையில் டயர் பிடித்து நிற்பதும் ரப்பர் ஆற்றலை விழுங்குவதால்தான். சாலைக் கல்லின் நுண்ணிய முனைகள் ரப்பரைக் குத்துகின்றன. ரப்பர் உடனே துள்ளித் திரும்பிவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும். தயங்கி, ஆற்றலை உள்ளே கரைத்தால்தான் பிடிப்பு கிடைக்கும். ஒரே குணம், ஒரு பக்கம் திருடன், மறுபக்கம் காவலன். டயர்த் தொழில் பல பத்தாண்டுகள் இந்த முடிச்சில் மாட்டிக்கொண்டிருந்தது.

முடிச்சு அவிழ்ந்தது அதிர்வெண்ணில். உருளும்போது ரப்பர் நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை அமுங்கி விரிகிறது. பிரேக் பிடித்து லேசாக வழுக்கும்போது கல்லின் நுண்முனைகள் அதை நொடிக்கு ஆயிரக்கணக்கில், சில லட்சம் தடவைகூட அதிரவைக்கின்றன. மெதுவான அசைவில் துள்ளித் திரும்பி, வேகமான அதிர்வில் விழுங்கும் ரப்பர் கிடைத்தால் போதும். ஆய்வுக்கூடத்தில் லட்சம் அதிர்வுகளை உண்டாக்குவது கடினம் என்பதால் வேதியியலாளர்கள் ஓர் அழகான குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். ரப்பருக்குக் குளிரும் வேகமான அதிர்வும் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே 0 டிகிரியில் அது எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்து ஈரப் பிடிப்பையும், 60 டிகிரியில் பார்த்து உருளல் எதிர்ப்பையும் கணிக்கிறார்கள். முதல் எண் பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும் இருக்க வேண்டும்.

கருப்புக் கார்பன் தூள் கலந்த பழைய ரப்பரில் தூளின் துகள்கள் ஒன்றையொன்று ஈர்த்து வலைபோலப் பின்னிக்கொள்ளும். ஒவ்வொரு அமுக்கத்திலும் அந்த வலை அறுந்து மறுபடி சேரும், வெப்பம் உண்டாகும். அதற்குப் பதில் மணலின் உறவான சிலிக்காவைச் சேர்த்தால்? சிலிக்காவுக்குத் தண்ணீர் பிடிக்கும், ரப்பருக்குப் பிடிக்காது. இரண்டும் ஒட்டுவதில்லை. ஒரு முனையில் சிலிக்காவையும் கந்தகம் உள்ள மறுமுனையில் ரப்பரையும் பிடித்துக்கொள்ளும் சிலேன் மூலக்கூறு இரண்டையும் கட்டிப்போட்டது. சிலிக்கா ரப்பரோடு வேதிப்பிணைப்பு கொண்டதும் துகளோடு துகள் உரசுவது குறைந்தது. மிஷலின் 1992-இல் இந்த வழியில் தன் பசுமை டயரைக் கொண்டுவந்தது. இன்றைய நல்ல கார் டயர்கள் பெரும்பாலும் அதன் வாரிசுகள். மின்சாரக் கார்களுக்கென்றே 2021-இல் அதே நிறுவனம் வெளியிட்ட பைலட் ஸ்போர்ட் ஈவி, பிடிப்பையும் சிக்கனத்தையும் ஒரே டயரில் சேர்க்கும் அதே முயற்சியின் தொடர்ச்சி.

ஆகவே தேர்வின் வரிசையை நான் தலைகீழாக்கச் சொல்வேன். பலரும் ரிம்மின் தோற்றத்தில் தொடங்குகிறார்கள். முதலில் பிரேக் காலிப்பருக்கு மேல் தாராளமாகப் பொருந்தும் மிகச் சிறிய விட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். மாடல் 3-இல் 20 அங்குல ரிம்முக்கு 235/35 டயர், 18 அங்குலத்துக்கு 235/45. வெளி விட்டம் ஏறக்குறைய ஒன்றேதான். ஆனால் பக்கச்சுவரின் உயரம் 82 மில்லிமீட்டரிலிருந்து 106-க்குக் கூடுகிறது. ரிம்முக்கும் பள்ளத்துக்கும் நடுவே அந்த 24 மில்லிமீட்டர் நிற்கிறது. உலோகமும் விளிம்பிலிருந்து உள்ளே வருகிறது, தனியாகப் பணம் கொடுக்காமலே எடை குறைகிறது. அடுத்து டயர். புது டயர் மாட்டியதும் தூரம் குறைந்ததாகத் தோன்றினால் பதற வேண்டாம். தேய்ந்த டயரைவிடப் புதியதில் ரப்பர் தடிமன் அதிகம், அது கூடுதலாக விழுங்கும்.

மூன்றாவதாகத்தான் உலோகம். அச்சில் ஊற்றி வார்த்த அலுமினிய ரிம் மலிவு, ஆனால் தடிமனாகச் செய்தால்தான் பலம். வார்த்தபின் அதன் உருளைப் பகுதியைச் சூடாக உருட்டி நீட்டினால் அங்கே உலோகம் அடர்ந்து மெலிதாகலாம். பல ஆயிரம் டன் அழுத்தத்தில் அடித்து உருவாக்கும் ஃபோர்ஜ்டு ரிம் மூன்றிலும் பலமானது. பள்ளத்தில் அடிபட்டால் விரிசல் விடுவதைவிட வளைந்துகொடுக்கும் குணம் அதற்கு அதிகம்.

பெரிய சக்கரமே சரியாகும் இடமும் உண்டு. ஐயோனிக் 5 N காருக்கு ஹூண்டாய் 21 அங்குல ஃபோர்ஜ்டு சக்கரம் கொடுத்திருக்கிறது. இரண்டு டன்னுக்கு மேற்பட்ட காரைப் பந்தயத் தடத்தில் திரும்பத் திரும்ப நிறுத்த முன்சக்கரத்துக்கு 400 மில்லிமீட்டர் பிரேக் தட்டு தேவைப்பட்டது. அந்தத் தட்டையும் காலிப்பரையும் 18 அங்குல ரிம்முக்குள் அடைக்க முடியாது.

எந்த ரிம் வாங்கினாலும், அதன் பின்புறத்தில் பொறித்திருக்கும் தாங்கு எடையையும் டயரின் பக்கவாட்டில் உள்ள சுமை எண்ணையும் படித்துவிட்டே பணம் கொடுங்கள். 92 என்றால் 630 கிலோ, 98 என்றால் 750 கிலோ. மின்சாரக் காரின் எடை வழக்கமான டயர்களின் எல்லையை நெருங்கியதால்தான் பிரெல்லி 2021-இல் லூசிட் ஏர் காருக்காக எச்எல் என்ற புதுச் சுமை வகையைக் கொண்டுவந்தது. சின்ன பெட்ரோல் காருக்காகச் செய்த மெலிந்த ரிம், போல்ட் துளைகள் கச்சிதமாகப் பொருந்தினாலும், இந்தக் கார்களுக்கு உரியதல்ல.